தோல் சாலும் சாட்டர்டன் துரையும்

சென்னைக்குப் போய் வந்த எல்லோருக்கும் குரோம்பேட்டை தெரியும். மின்சார ரயிலில் பல்லாவரத்துக்கு அடுத்து வரும் நிறுத்தம். பேட்டை என்றால் என்னவென்று தெரியும். அது என்ன "குரோம்"? ஏதோ வெள்ளைக்காரன் பெயர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக் கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அது ஒரு உலோகத்தின் பெயர். குரோமியம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் "குரோம் லெதர் கம்பெனி" என்ற தொழிற்சாலையை 1910களின் தொடக்கத்தில் ஜி.ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய வியாபாரி அங்கே நிறுவினார். கம்பெனியைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ஊருக்குக் கம்பெனியின் பெயரே நிலைத்துவிட்டது.

சரி, சென்னைக்காரர்கள் கதை, கோயமுத்தூர்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. சேம்பர்ஸுக்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னை மாகாணத்தில் குரோம் தோலைச் செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் வியாபாரியே அல்ல, ஒரு வாத்தியார். அவர் அந்தத் தோலைக் கொண்டு செய்ய நினைத்தவற்றில் முக்கியமான ஒன்று பூட்ஸோ கைப்பையோ அல்ல. நம் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த கவலைச் சால்!

அந்த வாத்தியாரின் பெயர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அவருக்கு முன்னும் பின்னும் தோலோடு வாழ்ந்தவர்களைப் பற்றியும் எழுதியாக வேண்டியிருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

கவலை என்றால் என்ன?

என் வயதுக்காரர்கள் பலர் கவலையைப் பார்த்ததே இல்லை. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொங்கு நாட்டில் மழை குறைவு. மேற்கே மலை மறைத்துக் கொள்வதால் தென்மேற்குப் பருவமழை நமக்கு மிச்சம் மீதிதான். காவிரி, பவானி, அமராவதி, நொய்யல் வாய்க்கால்கள் எட்டாத இடமெல்லாம் கிணற்றை நம்பித்தான் விவசாயம். "தோட்டம்" என்ற சொல்லுக்கே நம் பக்கத்தில் கிணற்றுப் பாசன நிலம் என்றுதான் பொருள். பாறையை உடைத்து ஆழமாக வெட்டிய கிணறுகள். அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீரைத் துலாவில் மிதித்து ஏற்றுவது கடினம். அதற்கு மாடும் கவலையும் வேண்டும்.

கிணற்று மேட்டில் இரண்டு கல் தூண்கள் அல்லது மரத் தூண்கள். நடுவில் ஒரு உருளை. அதன் மேல் ஓடும் தடித்த கயிறு வடம். வடத்தின் ஒரு முனை மாட்டின் நுகத்தில், மறுமுனை கிணற்றுக்குள் இறங்கும் சாலில். சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தைத்திருக்கும். தும்பி என்பார்கள். தும்பியின் வாயை இழுக்க வால்கயிறு என்று இன்னொரு மெல்லிய கயிறு. சால் மேலே வரும் வரை தும்பியின் வாய் மேல் நோக்கி மடங்கியே இருக்கும், தண்ணீர் சிந்தாது. மேலே வந்ததும் தும்பி மட்டும் தொட்டிப் பக்கம் நீண்டு படுத்துக் கொள்ளும், தண்ணீர் தானாகக் கொட்டிவிடும். சாலைப் பிடித்துக் கவிழ்க்க ஆளே தேவையில்லை. மாடுகள் சரிவான வாரியில் இறங்கும்போது சால் ஏறும். மாடுகள் பின்னாலேயே நடந்து மேட்டுக்கு வரும்போது சால் இறங்கும். விடியற்காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை இதே வேலைதான்.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு அருமையான பொறியியல்! இரண்டு கயிற்றின் நீளத்தைச் சரியாகக் கணக்கிட்டால்தான் தும்பி சரியான இடத்தில் திறக்கும். இதைக் கண்டுபிடித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. காப்புரிமையும் இல்லை!

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமான இடம் உண்டு. அது தோல். தினமும் நனைந்து, தினமும் காய்ந்து, கிணற்றுச் சுவரில் உரசி, சீக்கிரமே இற்றுப் போகும். பயிர் வாடும் நேரத்தில் தும்பி கிழிந்தால் இறைப்பு நின்றுவிடும். எங்கள் கணக்குப் பதிவியல் பாடத்தில் தேய்மானம் என்று ஒரு அத்தியாயம் வரும். தோட்டக்காரருக்கு அந்த அத்தியாயத்தைப் படிக்கவே வேண்டாம். சால் மாற்றும் செலவு அவருக்கு மனப்பாடம்.

சால் தைத்தவர்கள்

அந்தச் சாலைத் தைத்தது யார்? கொங்கு நாட்டில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் மக்கள். செத்த மாட்டை எடுத்துச் செல்வது, தோலை உரிப்பது, சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்குவது, ஆவாரம் பட்டையில் ஊறப்போடுவது, சால், தும்பி, செருப்பு எல்லாம் தைத்துக் கொடுப்பது என்று ஒரு தொழில் முழுவதும் அவர்கள் கையில் இருந்தது. கூலி பெரும்பாலும் அறுவடையின்போது தானியமாகக் கிடைக்கும். பலர் அதே தோட்டங்களில் பண்ணையாட்களாகவும் இருந்தார்கள்.

இதில் ஒரு கொடுமையைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியவில்லை. அவர்கள் கை பட்டுத் தைத்த தோலில்தான் தோட்டத்தின் தண்ணீர் முழுவதும் ஏறி வந்தது. அந்தத் தண்ணீரில் விளைந்ததைத்தான் ஊரே சாப்பிட்டது. ஆனால் ஊர்ப் பொதுக்கிணற்றில் அவர்கள் ஒரு குடம் தண்ணீர் மொள்ள முடியாது. தோலுக்குத் தீட்டு இல்லை, தைத்தவருக்குத் தீட்டு! இந்தக் கணக்கை எந்த ஆடிட்டராலும் சரிபார்க்க முடியாது.

கடற்கரையில் ஒரு மாற்றம்

கிராமத்தில் இப்படி நடந்து கொண்டிருந்தபோது கடற்கரையில் தோல் பெரிய ஏற்றுமதிச் சரக்காக மாறிக் கொண்டிருந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் டி சூசா என்ற யூரேஷியர் மொரீசியஸ் தீவின் வழியாக வந்த பிரெஞ்சுப் பதனிடும் முறையை 1840களை ஒட்டிச் சென்னையில் புகுத்தினார் என்று தோல் வணிகத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஆவாரம் பட்டை, கடுக்காய் இரண்டும்தான் இதில் முக்கியச் சரக்கு. ஆவாரையும் கடுக்காயும் நம் நாட்டில் ஏற்கனவே இருந்தவைதான். புதிதாக வந்தது ஒழுங்கு. எந்தத் தோலை எத்தனை நாள் ஊற வைப்பது, எப்படிச் சுத்தம் செய்வது, எப்படித் தரம் பிரிப்பது என்பதெல்லாம் சரக்கை லண்டன் சந்தைக்கு ஏற்றதாக மாற்றின. "ஈஸ்ட் இந்தியா கிப்" என்ற பெயரில் சென்னைத் தோல் லண்டன் ஏலங்களில் பேர் வாங்கியது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி, ஆம்பூர் என்று பதனிடும் தொழில் உள்நாட்டில் பரவியது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இதில் முன்னணியில் இருந்தார்கள்.

ஏற்றுமதி பெருகியதால் நாட்டுக்கு வருமானம் வந்தது உண்மை. அதே நேரம், கிராமத்துத் தோலை வியாபாரிகள் நல்ல விலை கொடுத்து வாங்கிப் போக ஆரம்பித்ததால், அங்கேயே இருந்து சால் தைத்தவருக்குத் தோல் கிடைப்பது அருமையாகிவிட்டது. தோட்டக்காரருக்குச் சாலின் விலை ஏறியது. சந்தை என்பது ஒருவருக்குக் கதவைத் திறக்கும்போது இன்னொருவருக்குச் சாத்தும் என்பதற்கு நல்ல உதாரணம்.

அமெரிக்காவிலிருந்து வந்த அடி

இந்தச் சமயத்தில் அமெரிக்காவில் ஒரு விஷயம் நடந்தது. அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் நியூயார்க்கில் சாயம், ரசாயனம் விற்கும் வியாபாரத்தில் இருந்தவர். பெண்கள் அணியும் கச்சின் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையைச் சுற்றித் தோல் வைத்துத் தைப்பார்கள். அந்தத் தோலிலிருந்த படிகார உப்பால் எஃகு துருப்பிடித்தது. துருப்பிடிக்க வைக்காத தோல் வேண்டும் என்று யாரோ அவரிடம் கேட்க, அவர் குரோமிய உப்பை வைத்து ஒரு முறையைக் கண்டுபிடித்து 1884இல் காப்புரிமை வாங்கினார். குரோமியத்தால் தோல் பதனிடலாம் என்று ஜெர்மனியின் க்னாப் என்ற வேதியியலாளர் 1858லேயே எழுதியிருந்தார். ஆனால் அதைத் தொழிலாக நிறுத்தியது ஷுல்ட்ஸின் முறை. 1893இல் மார்ட்டின் டென்னிஸ் என்பவர் இன்னும் எளிதான முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

குரோம் முறையில் என்ன விசேஷம்? பட்டை முறையில் வாரக்கணக்கில் குழியில் ஊற வேண்டிய வேலை, சுழலும் மரப் பீப்பாயில் ஓரிரு நாட்களுக்குள் முடிந்துவிடும். தோல் நீல நிறமாக வெளியே வரும். குரோமியம் தோலின் நார்களோடு இறுக்கமாகப் பிணைந்து கொள்வதால், கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் தாங்கும். பட்டையில் பதனிட்ட தோலைக் கொதிநீரில் போட்டால் சுருங்கிப் போய்விடும். நனைந்து நனைந்து காய்ந்தால் பட்டைச் சத்து கரைந்து வெளியேறி, தோல் விறைத்து வெடிக்கவும் செய்யும்.

விளைவு என்ன? அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு இனிப் பதனிட்ட ஆட்டுத் தோல் வேண்டாம், பச்சைத் தோல்தான் வேண்டும். சென்னைச் சந்தையில் பச்சைத் தோலை வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1890களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தின் பதனிடும் தொழில் ஆட்டம் கண்டது. மூலப்பொருளை அனுப்பிவிட்டு, லாபம் தரும் வேலையை வெளிநாட்டில் விட்டுவிடுவது என்ற பழைய கதை மறுபடி ஆரம்பித்தது.

வாத்தியார் வருகிறார்

ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1866இல் பிறந்தவர். லண்டனில் பொறியியல் படித்துவிட்டு 1888இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். அப்போது வயது இருபத்தொன்றோ இருபத்திரண்டோ. ஏறக்குறைய என் வயது! நான் இன்னும் செமஸ்டர் தேர்வுக்கு உட்கார்ந்து கொண்டிருக்கிறேன் :-)

கல்லூரிச் சுவருக்குள் அவர் நிற்கவில்லை. நம் ஊர் ஏற்றம், கவலை ஆகியவற்றை அளந்து பார்த்தார். எவ்வளவு ஆழத்திலிருந்து எவ்வளவு தண்ணீர், அதற்கு எவ்வளவு உழைப்பு என்று கணக்கெடுத்தார். கவலையைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிடாமல், ஒரு இயந்திரத்தைச் சோதிப்பது போலவே சோதித்தார். இது எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த குணம்.

பிறகு சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. அங்கே 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். செம்பு, பித்தளைப் பாத்திரத்துக்கு அடிக்கடி ஈயம் பூச வேண்டும். அலுமினியத்துக்கு வேண்டாம், எடையும் குறைவு. நம் கன்னார்களுக்குத் தட்டி வடிவமைக்கும் கைத்திறன் ஏற்கனவே இருந்தது. சரக்கு விற்றது. 1903இல் அந்தத் தொழிலை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். இன்று நம் வீட்டில் இருக்கும் அலுமினியக் குண்டானுக்கு இப்படி ஒரு பூர்வீகம்!

அவருடைய திட்டம் இதுதான். புதிய தொழிலைத் தொடங்கத் தனி ஆள் பயப்படுவான், காரணம் நஷ்டம். எனவே அரசு முதலில் சிறிய அளவில் செய்து, தவறுகளைத் தானே செய்து, லாபம் வரும் என்று காட்ட வேண்டும். காட்டிய பிறகு தனியாரிடம் கொடுத்துவிட்டு அடுத்த தொழிலுக்குப் போக வேண்டும். எங்கள் பாடப் புத்தகத்தில் "முன்னோடி ஆலை" என்று வருவதை, அவர் பாடப் புத்தகம் வருவதற்கு முன்பே செய்திருக்கிறார்.

அலுமினியத்துக்கு அடுத்து அவர் எடுத்தது குரோம் தோல். 1903ஐ ஒட்டிச் சோதனைகள் ஆரம்பமாயின. மாகாணத்தின் தோல் தொழிலைப் பற்றி 1904இல் ஒரு தனி அறிக்கை நூலும் எழுதினார். சென்னை வியாபாரிகள் அமெரிக்காவைப் பார்த்து மிரண்டு நின்றபோது, அந்த முறையை இங்கேயே செய்து பார்ப்போமே என்றார். செய்த பொருள்கள் என்னென்ன? செருப்பு, பூட்ஸ், குதிரைச் சேணம், அப்புறம் கவலைக்கான சால். தண்ணீரில் அழுகாத தோல் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது தண்ணீரிலேயே கிடக்கும் பொருள்தானே! வெளிநாட்டுச் சந்தையை மட்டும் பார்த்தவருக்கு இது தோன்றியிருக்காது. கிணற்று மேட்டில் நின்று அளந்தவருக்குத் தோன்றியது.

அந்தக் காலகட்டம் நம் பகுதிக்கும் முக்கியமானது. கோவையில் 1888லேயே ஸ்டேன்ஸ் மில் வந்துவிட்டது. கம்போடியா பருத்தி 1904-05 வாக்கில் மாகாணத்துக்குள் வந்து, தண்ணீர் பாய்ச்சி விளைவிக்கும் பருத்தியாகக் கோவைத் தோட்டங்களில் பரவியது. பருத்திக்குத் தண்ணீர், தண்ணீருக்குக் கவலை, கவலைக்குத் தோல். மில்லில் ஓடிய நூலின் மறுமுனையைப் பிடித்துக் கொண்டே போனால் ஒரு தோல் சாலில் போய் முடியும்.

லாபம் வந்தது தான் குற்றம்

இனிதான் கதையின் திருப்பம். 1908இல் ஊட்டியில் ஒரு தொழில் மாநாடு நடந்தது. அதன் பயனாகச் சென்னை அரசு தொழில் துறை ஒன்றை உருவாக்கி, சாட்டர்டனை இயக்குநராக நியமித்தது. ஐரோப்பிய வியாபாரிகளுக்கு இது பொறுக்கவில்லை. சென்னை வர்த்தக சபை எதிர்த்தது. அரசாங்கமே கடை போட்டால் வரி கட்டும் நாங்கள் எங்கே போவது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. வரிப்பணத்தில் நடக்கும் ஆலையோடு சொந்தப் பணத்தில் நடக்கும் ஆலை போட்டி போடுவது சமமான போட்டி இல்லைதான். ஆனால் அந்தத் தொழிலை அதுவரை அவர்களில் யாரும் இங்கே தொடங்கவில்லை என்பதும் உண்மை. இந்தியத் தலைவர்களும் பத்திரிகைகளும் பெரும்பாலும் சாட்டர்டன் பக்கம் நின்றார்கள்.

லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910இல் ஒரு உத்தரவு அனுப்பினார். அரசு தொழில் கல்வி கொடுக்கலாம், தகவல் கொடுக்கலாம், தொழில் நடத்தக்கூடாது என்பது அதன் சாரம். தாராளவாதப் பொருளாதாரத்தில் ஊறிய மனிதர் அவர். இயக்குநர் பதவி போனது. குரோம் தோல் ஆலையை அரசு விற்றுக் கைகழுவியது. சேலத்தில் நெசவுக்காகச் சாட்டர்டன் தொடங்கிய கைத்தறி ஆலையும் மூடப்பட்டது. (அந்த ஆலையை அங்குள்ள நெசவாளர்களே விரும்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் தொட்டதெல்லாம் பொன்னாகவில்லை.)

நஷ்டத்தில் ஓடும் அரசு நிறுவனத்தை மூடச் சொல்வார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஜெயித்துக் கொண்டிருந்ததுதான் குற்றமாகிவிட்டது.

சாட்டர்டன் 1912இல் மைசூர் சமஸ்தானத்துக்குத் தொழில் துறை இயக்குநராகப் போனார். அதே ஆண்டு விஸ்வேஸ்வரய்யா அங்கே திவானானார். சந்தன எண்ணெய்த் தொழில் அங்கே வளர்ந்ததில் சாட்டர்டனுக்கும் பங்கு உண்டு. அதற்குள் முதல் உலகப் போர் வந்தது. படை வீரர்களின் பூட்ஸுக்குத் தோல் வேண்டும். தொழிலில் அரசு தலையிடக்கூடாது என்று சொன்ன அதே பிரிட்டிஷ் அரசு, சென்னைத் தோலைத் தானே கட்டுப்பாட்டுடன் வாங்கத் தொடங்கியது! 1916இல் இந்தியத் தொழில் ஆணையம் அமைத்தபோது சாட்டர்டனையும் உறுப்பினராகப் போட்டார்கள். மதன் மோகன் மாளவியா, தொராப்ஜி டாடா போன்றவர்களும் அதில் இருந்தார்கள். 1918இல் வந்த அறிக்கை, தொழில் வளர்ச்சியில் அரசு பங்கெடுக்க வேண்டும் என்றது. மார்லி மூடிய கதவு எட்டே ஆண்டில் திறந்தது. தோல் தொழில் பள்ளி 1915இல் சென்னையில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. டிட்கோ, சிட்கோ, சிப்காட் என்று பின்னாளில் தமிழ்நாடு கண்ட நிறுவனங்களைப் பார்க்கும்போது, தொழிலுக்கு அரசு கை கொடுக்க வேண்டும் என்ற அந்த வாத்தியாரின் வாதம் நினைவுக்கு வராமல் இல்லை.

சாலை வாழவைக்க வந்தவரே...

இதுவரை சொன்னது ஒரு நல்ல மனிதரின் வெற்றி தோல்விக் கதை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன்.

தோல் சாலை நீடித்து உழைக்க வைக்கப் பாடுபட்ட அதே ஆண்டுகளில், அதே சாட்டர்டன் இன்னொரு வேலையும் செய்து கொண்டிருந்தார். எண்ணெய் என்ஜினும் பம்பும் வைத்துக் கிணற்று நீரை இறைப்பது! மாகாணத்தில் பல இடங்களில் சோதனை செய்து காட்டினார். விவசாயிகள் கடன் வாங்கிப் பம்ப் வைக்க அரசு உதவ வேண்டும் என்று வாதாடினார். நீர் இறைப்பு பற்றித் தனி நூலே எழுதினார். ஒரு கையால் சாலுக்கு ஆயுள் நீட்டினார், மறு கையால் அதற்கு மாற்று தேடினார். பொறியாளரின் பார்வையில் இதில் முரண்பாடு இல்லை. பம்ப் வாங்க முடிந்தவருக்குப் பம்ப், முடியாதவருக்கு நல்ல சால். பிரச்சினை தண்ணீரை மேலே கொண்டு வருவதுதானே.

பம்ப் உடனே ஜெயித்துவிடவில்லை. சால்களும் ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் தோல் சாலுக்குப் பதில் இரும்புச் சால் வந்தது, தும்பி மட்டும் தோலாகவே நின்றது. 1930களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. கோவை மில்களோடு பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் பெருகின. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மின் மோட்டார் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். நாட்டின் பம்ப்செட்டுகளில் பெரும் பங்கு இன்று கோவையிலிருந்து போகிறது. மின் கம்பி போன இடமெல்லாம் கவலைத் தூண் காலியாக நின்றது. மாட்டுக்கு விடுதலை. விடியலுக்கு முன் எழுந்து மாட்டின் பின்னால் நடந்தவருக்கும் விடுதலை. இதை நான் குறை சொல்ல மாட்டேன். கவலைப் பாட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள், ஒரு நாள் முழுக்க கவலை ஓட்டிவிட்டுப் பிறகு பேசட்டும்.

செலவு மட்டும் போகவில்லை. தோலுக்குக் கொடுத்த காசு மின் கட்டணமாக மாறியது. 1970களின் தொடக்கத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி விவசாயிகள் போராடியது மின் கட்டணத்துக்காகத்தான். பின்னர் இலவச மின்சாரம் வந்தது. அதற்கான விலையை நிலத்தடி நீர் கொடுத்துக் கொண்டிருக்கிறது. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும், மோட்டார் களைப்பதில்லையே. ஆயிரம் அடிக்கு மேல் ஆழ்துளை போட்டும் தண்ணீர் வராத தோட்டங்கள் நம் பகுதியில் உண்டு. கவலை போய்விட்டது, கவலை போகவில்லை!

குரோமியமும் தன் விலையை வாங்கியது. பாலாற்றுப் பகுதியில் தோல் கழிவுகள் நிலத்தையும் நீரையும் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது. நம் ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்கால் தோல், சாயக் கழிவுகளால் பட்ட பாடும் தெரிந்ததே. தண்ணீர் இறைப்பதற்காகவும் நினைக்கப்பட்ட ஒரு தோல், தண்ணீருக்கே எதிரியாக வந்து நின்றது. இதைச் சாட்டர்டன் மேல் போட முடியாது. ஆனால் முன்னோடிகளின் கதையை எழுதும்போது வரவு மட்டும் எழுதினால் அது பேரேடு ஆகாது.

யார் பெயரில் பற்று?

இப்போது கடைசிக் கணக்கு. பம்ப் வந்ததில் லாபம் யாருக்கு என்று பட்டியல் போடலாம். தோட்டக்காரருக்கு நேரம் மிச்சம். பட்டறைக்காரருக்குத் தொழில். கோவைக்குப் பெயர். அரசுக்கு உற்பத்தி. நஷ்டம் யாருக்கு? சால் தைத்தவருக்கு. அவருக்குத் தெரிந்த தொழிலின் பெரிய தேவை ஒன்று மெல்ல மெல்ல இல்லாமல் போனது. தோட்டக்காரர் பம்புக்குக் கடன் வாங்க நிலத்தைக் காட்டலாம். நிலமே இல்லாத தோல் தொழிலாளி எதைக் காட்டுவார்? ஏற்றுமதிப் பதனிடுதலில் முதலாளியாக அவர் நுழைய முடியவில்லை. பட்டறைக்குள் கைத்திறன் உள்ளவர் என்ற மரியாதையோடு அவரை யாரும் கூப்பிடவுமில்லை. பலருக்கு மிஞ்சியது அதே தோட்டத்தில் கூலி வேலையும், ஊரில் துப்புரவு வேலையும்தான். 2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்த சட்டத்தின் பின்னால் இப்படிப்பட்ட பல பழைய பாக்கிகள் இருக்கின்றன.

ஒரு பக்கம் மட்டும் பேசக்கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். தோல் வேலையோடு ஒட்டியிருந்த இழிவிலிருந்து வெளியே வந்ததை விடுதலையாகவே பார்க்கிறவர்கள் உண்டு. அவர்கள் பார்வையில் நியாயம் இருக்கிறது. சால் தைப்பது மறுபடி வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரு தொழில் போவது வேறு, அந்தத் தொழில் இருந்ததே மறந்து போவது வேறு. மாட்டின் தோலை நீர் ஒழுகாத பையாக்கி, அளந்து, தைத்து, அடியில் தும்பி பொருத்திய கை ஒரு பொறியாளரின் கை. சாட்டர்டன் போன்ற ஒருவர் வந்து அதை மேம்படுத்த நினைத்தார் என்றால், மேம்படுத்த அங்கே ஏற்கனவே ஏதோ இருந்தது என்றுதானே அர்த்தம்!

சாட்டர்டனுக்கு 1919இல் சர் பட்டம் கிடைத்தது. 1958இல் காலமானார். சேம்பர்ஸின் கம்பெனிப் பெயர் ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது. ஷுல்ட்ஸின் பெயர் காப்புரிமைப் பதிவில் இருக்கிறது. மூவரும் அந்த இடத்துக்குத் தகுதியானவர்கள்தான்.

கோவையின் தொழில் வரலாற்றைப் பேசும்போது நாம் வழக்கமாக மில்லில் ஆரம்பித்து, வார்ப்படத்துக்கும் பம்புக்கும் வருவோம். அதற்கு முன்னால் ஒரு அத்தியாயம் இருக்க வேண்டும். அதில் ஆவாரம் பட்டை, சுண்ணாம்புத் தொட்டி, குத்தூசி எல்லாம் வரவேண்டும். கவலை ஓட்டியவர்களும் சால் தைத்தவர்களும் சிலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், எல்லோருக்கும் வயதாகிவிட்டது. ஒரு சாலுக்கு எத்தனை தோல், எத்தனை நாள் ஊறல், என்ன கூலி என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டியது என் போன்ற மாணவர்களின் வேலை. இந்த விடுமுறையில் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். தாமதித்தால் அந்தப் பேரேட்டின் பக்கங்கள் வெறுமையாகவே இருந்துவிடும்.